ஒப்புக்கொடுப்பவர்: தம்பி

வாயில் மூன்று திருகாணிகளைக் கவ்விக்கொண்டு ஏணியின் உச்சிப் படியில் நிற்கிறார் அவர். ஐந்தாம் வகுப்பின் மின்விசிறியில் இரண்டு இறக்கைகள் கழன்றாகிவிட்டன. மூன்றாவதில் கை வைக்கும்போது யாத்திரிகர்கள் உள்ளே வருகிறார்கள். நாற்பது பேராவது இருப்பார்கள். அவர் இறங்குவதில்லை. "ஓரமா நில்லுங்கம்மா, தூசி விழும்" என்கிறார். திருகாணிகளுக்கு நடுவே நுழைந்து வருவதால் தூசி என்பது ‘தூயி’ என்றுதான் கேட்கிறது.

கீழே, கயிறு கட்டிப் பிரித்த மூலையில் ஒரு பழைய பெஞ்சு. அதன் முதுகில் பித்தளைத் தகடு: ‘அருளாளர் மாணவியாக அமர்ந்த இருக்கை.’ ஒரு பெண் குனிந்து பலகையில் நெற்றியை வைக்கிறாள். ஒரு முதியவர் கைக்குட்டையால் பலகையைத் தேய்த்து, அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிறார். தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி தணிந்த குரலில் அந்த அருளாளரின் கதையைச் சொல்கிறார். இந்தப் பள்ளியில் படித்தவர். பக்கத்துக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர். பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்து செவிலியானவர். கொள்ளைக்காய்ச்சல் பரவிய தொலைதூர ஊரில், நோயாளிகளை விட்டுவர மறுத்து, முப்பத்தாறு வயதில் அங்கேயே இறந்துபோனவர். போன ஆண்டு திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது. புனிதர் என்பதற்கு அது ஒரு படி கீழே.

மேலே விசிறி இறக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பவர் அந்த அருளாளரின் தம்பி. அதை யாரும் யாத்திரிகர்களிடம் சொல்வதில்லை. அவரும் சொல்வதில்லை.

ஒரு வார இதழுக்காக அந்தப் பள்ளியையும் கோவிலையும் பற்றி எழுதத்தான் நான் போயிருந்தேன். பெஞ்சைப் படம் எடுத்தேன், ஞானஸ்நானத் தொட்டியைப் படம் எடுத்தேன். பிறகு ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவர் தடுமாறியதைப் பார்த்து, போய்ப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் எட்டு மாதத்தில் ஆறு முறை போய்விட்டேன்.

வயது அறுபத்திரண்டு. ஒல்லி உடம்பு, நீளக் கைகள். பள்ளியின் எலெக்ட்ரீஷியன், பிளம்பர், பூட்டுச் சாவி சரிபார்ப்பவர் எல்லாம் அவர்தான். எப்போதும் சுவரிலோ கூரையிலோ ஒட்டிக்கொண்டிருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் பல்லி. சின்ன வகுப்புக் குழந்தைகள் மரியாதையோடு பல்லித் தாத்தா என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் ஓடுகிறது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்ததால், மறுவாரமே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். "என்னைப் பொதைச்சா இந்தப் பள்ளிக்கூடத்துல கரண்ட் கட்டாயிடும்" என்கிறார்.

எந்த சுவிட்சைச் சரிசெய்தாலும் மூன்று முறை போட்டு அணைத்துப் பார்ப்பார். ஒருமுறை எரிந்தால் தற்செயல், இரண்டுமுறை எரிந்தால் அதிர்ஷ்டம், மூன்றாவது முறைதான் வேலை என்பது அவர் கணக்கு. சுவிட்சு பலகையை மூடுமுன் உட்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் தேதி எழுதுவார். மின்விசிறிகளோடு சண்டை போடுவார். "நேத்துதானடா எண்ணெய் விட்டேன், அதுக்குள்ள என்ன முனகல்?" என்று அவர் அதட்டும்போது வகுப்பே அடங்கிவிடும், தங்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்து.

பெஞ்சு விஷயத்தை அவரே சொன்னார். அக்கா படித்த காலத்துப் பெஞ்சுகள் கரையான் அரித்து, எப்போதோ விறகாகிவிட்டன. அக்காவின் பெயர் வெளியே பரவத் தொடங்கியதும் தலைமையாசிரியை வந்து எது அந்தப் பெஞ்சு என்று கேட்டார். "ஒண்ணும் மிச்சமில்ல சிஸ்டர்" என்று இவர் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நாலு நாள் தேடியிருக்கிறார். கடைசியில் அவருடைய சாமான் அறையிலேயே, பெயிண்ட் டப்பாக்களுக்கு அடியில், சுவரில் அலமாரித் தட்டாக அடித்திருந்த பலகை ஒன்று கிடைத்தது. பழைய பெஞ்சிலிருந்து அவரே கழற்றி அடித்தது. அதை எடுத்து, தேய்த்து, புதிதாகக் கால் செய்து பொருத்தினார்.

"பலகை அசல், கால் நகல்" என்றார் என்னிடம். "எங்க அக்கா உக்காந்தது பலகையிலதான, கால்லயா உக்காந்தா?"

அந்தப் பலகையை மேலிருந்து பார்த்தவர்கள் பலர். அடியிலிருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு மடத்தின் சலவைக் கூடத்தில் வேலை. மூன்று வயதுத் தம்பியை விட்டுவிட்டு வர இடமில்லாததால் பத்து வயது அக்கா அவனையும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். சத்தம் போடாமல் இருந்தால் சரி என்றார் டீச்சர். அவன் பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தூங்குவான்.

"வயித்து மேல ஒரு கால் வச்சிருப்பா. அமுக்க மாட்டா, சும்மா வச்சிருப்பா, நான் உருண்டு போயிடக்கூடாதுன்னு. அந்தக் கால் கனம் இருந்தாத்தான் தூக்கம் வரும். ஒண்ணாங்கிளாஸ் சேர்றதுக்கு முன்னாடியே நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சவன் சார்."

கோவிலில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டியும் இப்போது யாத்திரைத் தலம்தான். கருங்கல் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அதன் மேலிருக்கும் விளக்கை மாற்றிக்கொண்டே சொன்னார்: "இதே தண்ணியிலதான் எனக்கும் ஊத்தினாங்க. என்னை யாரும் தொட்டுக் கும்பிடறதில்ல. ஷாக் அடிக்கும்னு பயம் போல."

அக்கா மடத்துக்குப் போன நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் நகைச்சுவை வரவில்லை. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெட்டி கட்டியாகிவிட்டது, வாசலில் வண்டி நிற்கிறது, தம்பியைக் காணோம். பள்ளிக்கூடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அக்கா வீடு வீடாகத் தேடிவிட்டுப் பள்ளி முற்றத்துக்கு வந்து நின்றாள். மேலே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"கூப்பிட்டா. நாலஞ்சு தடவ கூப்பிட்டா. ‘கீழ வாடா, மொகத்தப் பாத்துட்டுப் போறேன்’னா. நான் மூச்சு விடல. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் வண்டிச் சத்தம் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு பதினேழு வருடத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறார். மடத்துச் சட்டப்படி எப்போதாவதுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள், அதுவும் இன்னொரு சிஸ்டர் துணையோடு. இரண்டாம் முறை வந்தபோது இவருக்கு மீசை முளைத்திருந்தது. "யாரும்மா இது, வீட்டுக்குள்ள வந்து நிக்கறாரு" என்று அக்கா அம்மாவிடம் கேட்டுச் சிரித்தாளாம். துணைக்கு வந்த சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பற்றி நான்கு முறையும் பேச முடியவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அந்த வருடத்திலிருந்து, இறந்த தேதியன்று அக்காவுக்காக ஒரு பூசை. மழையோ காய்ச்சலோ ஒரு வருடமும் தவறியதில்லை. ஒரு மாதம் முன்பே பங்கு அலுவலகத்துக்குப் போய், யாருக்காகப் பூசை என்று எழுதும் கருத்து நோட்டில் தன் கையாலேயே எழுதுவார். மடத்தில் வைத்த பெயரை எழுதமாட்டார், வீட்டுப் பெயரைத்தான் எழுதுவார். அன்று காலைப் பூசையில் சாமியார் வாசிப்பார்: இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர், தம்பி. கோவிலில் இருபது பேர் இருப்பார்கள், பத்துப் பேர் கொட்டாவி விடுவார்கள். அவருக்கு அந்த ஒரு வரி போதும். வருடத்துக்கு ஒருமுறை அக்காவின் வீட்டுப் பெயர் சத்தமாகக் கேட்கும். பக்கத்திலேயே தம்பி என்ற சொல்லும் கேட்கும். அப்படி முப்பத்திரண்டு பூசை.

புனிதர் பட்டத்துக்கான விசாரணை தொடங்கியபோது அவரையும் கூப்பிட்டார்கள். இரண்டு சாமியார்கள், தட்டச்சு செய்ய ஓர் ஆள். விவிலியத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினார்கள். உள்ளதைச் சொல்வேன் என்று சத்தியம் செய்த பிறகு உள்ளதைச் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

"அவங்களுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"தினமும் வரும்."

தட்டச்சு நின்றது. மூத்த சாமியார், "எழுதுங்க, எழுதுங்க" என்றார். இவர் தொடர்ந்தார். தம்பியை ‘அப்பன் இல்லாதவன்’ என்று சொன்ன ஒரு பையனின் மண்டையில் அக்கா சிலேட்டை உடைத்த கதையைச் சொன்னார். சிலேட்டு இரண்டாகப் பிளந்ததையும், மரச்சட்டம் பையனின் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியதையும் சொன்னார். வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. "என் வாயாலயே அவ காரியத்தக் கெடுத்துட்டேன்னு ஆறு மாசம் சரியா தூங்கல." வருடங்கள் கழித்து அக்காவின் வாழ்க்கை வரலாறு சிறு புத்தகமாக வந்தது. பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: ‘சிறு வயதிலேயே எளியோருக்காகக் குரல் கொடுத்தார்.’ அந்தப் பக்கத்தை எனக்குப் பிரித்துக் காட்டினார். "குடுத்தது குரல் இல்ல சார், சிலேட்டு."

அக்காவிடம் வேண்டிக்கொண்டு யாரோ ஓர் அம்மாவுக்குக் கட்டி கரைந்தது, மருத்துவர்களே கையெழுத்துப் போட்டார்கள், அருளாளர் அறிவிப்பு வந்தது. அவருக்குச் சந்தோஷம்தான். ஒரு குறை மட்டும் உண்டு. "முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் போறா. எனக்கு ஒரு தடவை கனவுல வரல." பள்ளிச் சீருடை தைக்கும் அவர் மனைவியின் கனவில் அக்கா வந்தார் என்பதுதான் இதில் வேதனை. அக்கா இறந்த பிறகு கல்யாணமாகி வந்தவர், நாத்தனாரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. "வந்து என்ன சொன்னாங்கன்னு கேளுங்க" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "‘அடுப்ப அணைச்சியா’ன்னாங்க. எழுந்து போய்ப் பாத்தா எரியுது."

அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். "பொறாமை" என்று மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

இந்த வருடமும் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு அவர் பங்கு அலுவலகத்துக்குப் போனார். இதை எனக்குச் சொன்னவர் பங்குத்தந்தை. இவருக்கு மகனாகும் வயதுதான் அந்தச் சாமியாருக்கு. பழக்கப்படி நோட்டை இழுத்து இவர் எழுதத் தொடங்கிய கையைப் பங்குத்தந்தை மெல்லப் பிடித்திருக்கிறார்.

"அண்ணே, உக்காருங்க. அருளாளர்னு அறிவிச்சுட்டா அவங்களுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கறதில்ல. அவங்க மோட்சத்துல இருக்காங்கன்னு திருச்சபையே சொல்லிடுச்சு. இனிமே அவங்களுக்காக நாம வேண்டறதில்ல, நமக்காக அவங்கதான் வேண்டுவாங்க. அன்னைக்கு அவங்க திருநாள் பூசை. பெருசா நடக்கும்."

"அப்ப நான் அவளுக்கு என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்ணே. அவங்ககிட்ட கேளுங்க. கேட்டாப் போதும்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "எனக்குக் கேக்க ஒண்ணும் இல்ல ஃபாதர். குடுக்கத்தான் இருந்துச்சு."

அவர் எழுந்து போன பிறகு அரை மணி நேரம் வேறு வேலை ஓடவில்லை என்றார் பங்குத்தந்தை. "நான் சொன்னது சரிதான். சட்டமும் அதுதான். ஆனா எதையோ பிடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

அடுத்த மூன்று ஞாயிறு அவர் பூசைக்கு உள்ளே போகவில்லை. கோவில் வாசலில் மின்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கேட்டவர்களிடம் ஃபியூஸ் சரியில்லை, பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றார். வீட்டிலும் பேச்சில்லை. நான் போயிருந்த ஒரு மாலை, மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"முப்பத்திரண்டு வருஷம் பின்னாலருந்து தள்ளினீங்க. வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. சந்தோஷப்படறத விட்டுட்டு இன்னமும் பின்னாலயே ஓடுவேன்னா எப்படி?"

அவர் டெஸ்டரின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் ஆன வண்டி கொஞ்ச தூரம் போயாவது நிக்கும்ல. தள்ளினவனத் திரும்பிப் பாக்கும்ல."

மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினார். எழுந்து போய் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து, இருந்த இடத்திலேயே காலர் கிழிசலைத் தைக்க ஆரம்பித்தார். திருநாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அதற்கு முன் படத்துக்கு விளக்குப் போடும் வேலை இருந்தது. கோவிலின் இடப்பக்கப் பீடத்தில், சூசையப்பர் சுரூபத்துக்குப் பக்கத்தில், அருளாளரின் பெரிய வண்ணப்படம். யாரோ வெளியூர் ஓவியர் வரைந்தது. சட்டகத்தைச் சுற்றிச் சின்ன விளக்குகள் வைக்கச் சொன்னார்கள். ஒரு பகல் முழுக்க அந்த முகத்துக்கு நேராக உட்கார்ந்து ஒயர் இழுத்தார். நான் திருகாணி எடுத்துக் கொடுத்தேன்.

"மூக்க நேராக்கிட்டாங்க" என்றார். "அவளுக்கு இப்படி இருக்காது. நுனியில கொஞ்சம் சப்பையா இருக்கும். இது யாரோ பெரிய வீட்டுப் பொண்ணு."

"சொல்லலாமே."

"சொல்லி? இத்தன பேரு இந்த மூக்கப் பாத்துத்தான அழறாங்க." மூன்று முறை விளக்குகளைப் போட்டு அணைத்துப் பார்த்தார். பிறகு ஒரு விளக்கை மட்டும், கண்ணில் கூசாதபடி, சற்றுக் கீழே இறக்கி வைத்தார். யாருடைய கண்ணில் என்று நான் கேட்கவில்லை.

திருநாளன்று நான் போய்ச் சேர்ந்தபோது வரிசை கோவிலைச் சுற்றிப் பள்ளி நடைபாதை வரை வந்திருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவரைத் தேடினேன், இல்லை. வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. பையில் டெஸ்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் டெஸ்டர் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். நான் போய்ப் பின்னால் நின்றேன்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் ஓடிவந்தார். "அண்ணே, நீங்க எதுக்கு இங்க? பக்கவாட்டுக் கதவு வழியா வாங்க, ஒரு நிமிஷத்துல பாத்துட்டுப் போயிடலாம்."

"பரவால்லப்பா. எல்லாரும் எப்படி வர்றாங்களோ அப்படியே வரேன்."

ஒன்றே முக்கால் மணி நேரம் நகர்ந்தோம். முன்னால் நின்ற பெண் கையில் மடித்த தாள் ஒன்றை வைத்திருந்தாள். மன்றாட்டுப் பெட்டியில் போடுவதற்கு. அவளுடைய தம்பிக்குச் சிறுநீரகக் கோளாறாம். எல்லாவற்றையும் இவரிடம் சொன்னாள். இவர் எந்த மருத்துவமனை, என்ன வயது என்று அக்கறையாக விசாரித்தார். "நம்பிக்கையா கேளும்மா. தம்பிக்குன்னு கேட்டா செய்வா" என்றார். அவள் அந்த ‘செய்வா’வைக் கவனித்து ஒருமாதிரி பார்த்தாள், சாமியை இப்படி ஒருமையில் சொல்கிறாரே என்று. பிறகு, "நீங்க என்ன கேக்கப்போறீங்க அய்யா?" என்றாள்.

"தெரியலம்மா. கேட்டுப் பழக்கமில்ல."

அவள் முறை வந்தது. மண்டியிட்டு, அழுது, தாளைப் பெட்டியில் போட்டு, படத்தின் பாதத்தைத் தொட்டு எழுந்து போனாள்.

அவர் முன்னே போனார். மண்டியிடுவதற்குப் பலகை போட்டிருந்தது. அவர் மண்டியிடவில்லை. சிலுவை அடையாளம்கூடப் போடவில்லை. இடது கையைச் சட்டகத்தின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் நடைமேடையில் நின்று பேசுகிறவரைப் போல முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மிகத் தாழ்ந்த குரல். நேர் பின்னால் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நல்லா இருக்கியாக்கா?"

தலையைச் சற்றுச் சாய்த்துக் காதைப் படத்தின் பக்கம் திருப்பினார்.

பின்னால் வரிசை நெருக்கியது. ஒரு குழந்தை சிணுங்கியது. புதிதாக வந்திருந்த இளைய தொண்டர் ஒருவர், ஆள் யாரென்று தெரியாமல், "அய்யா, கும்பிட்டாச்சுன்னா நகருங்க, நிறைய பேர் நிக்கறாங்க" என்றார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காதை அங்கிருந்து எடுக்காமலேயே வலது கையை மட்டும் பின்னால் உயர்த்தி, உள்ளங்கையை விரித்து எங்கள் எல்லோரையும் நிறுத்தினார்.